பல்கலைக்கழக நூலகரை எப்படி மதிப்பிடுவது? மெரிட்டும் டெனியரும்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. இங்கே நூலகர்களுக்கும் பேராசிரியர்களைப் போல டெனியர், அதாவது தகுந்த காரணமின்றி நீக்க முடியாத நிரந்தரப் பணி உரிமை, உண்டு. வேலைத் தரத்தைப் பார்த்து வருடந்தோறும் தரும் மெரிட் சம்பள உயர்வுக்கும் டெனியருக்குமான விதிகளைத் திருத்தும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். மற்றத் துறைகளின் விதிகளையே எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார் டீன். போதுமா? நூலகர் வேலையை எதை வைத்து அளப்பது?

பதில்:

போதாது. வேதியியல் துறையின் விதிகளில் துறைப் பெயரை மட்டும் அடித்துவிட்டு "நூலகம்" என்று எழுதினால் முதல் ஐந்து வருடம் ஒரு குறையும் தெரியாது. ஆறாவது வருடம் ஒருவருடைய டெனியர் கோப்பு, பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்புக்குத் தலைவரான புரோவோஸ்டின் மேசைக்குப் போகும்போதுதான் தெரியும். ஆய்வுக்கூடமும் மானியமும் முனைவர் பட்ட மாணவர்களும் இருப்பவருக்காக எழுதிய விதியை வைத்து, வாரம் 40 மணி நேரம் பணியில் இருப்பவரை எடைபோட அங்கே ஒருவரும் தயாராக இருக்க மாட்டார்.

முதல் வேலையாக மெரிட்டையும் டெனியரையும் பிரித்துவிடுங்கள். மெரிட் இந்த வருட விளைச்சலைப் பார்க்கிறது. டெனியர் நிலத்தைப் பார்க்கிறது. ஒன்று கடந்த 12 மாத வேலைக்குப் பணம். மற்றது அடுத்த 25, 30 வருடத்துக்கு இந்த ஆளோடு நிறுவனம் தன்னைக் கட்டிக்கொள்ளலாமா என்ற முடிவு. ஒரே படிவத்தை இரண்டுக்கும் பயன்படுத்தும் இடங்களில் நடப்பது இதுதான்: ஐந்து வருடமும் "மிக நன்று" வாங்கியவருக்கு ஆறாம் வருடம் டெனியர் மறுக்கப்படுகிறது. அவர் முறையீட்டுக் குழுவுக்கு ஐந்து கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போகிறார். நிறுவனத்திடம் பதில் இல்லை. ஆண்டு மதிப்பீட்டுக் கடிதத்தை இரண்டு பகுதியாக எழுதச் சொல்லி விதியிலேயே வைத்துவிடுங்கள். முதல் பகுதியில் அந்த வருடத்துக்கான தரம். இரண்டாவதில், டெனியரை நோக்கி எங்கே நிற்கிறார் என்று சுற்றி வளைக்காத ஒரு பத்தி: "சேவையில் குறையில்லை, ஆராய்ச்சி இதே வேகத்தில் போனால் ஆறாம் வருடம் போதாது" என்கிற அளவுக்கு நேராக.

கால அட்டவணை ஏற்கெனவே பெரும்பாலும் முடிவாகிவிட்ட விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கைப்படி தகுதிகாண் பருவம் ஏழு வருடத்தைத் தாண்டக் கூடாது. அதனால்தான் கோப்பு ஆறாம் வருடம் போகிறது. மறுக்கப்பட்டவருக்கு ஏழாம் வருடம் வேறு வேலை தேடும் வருடம். நூலகர்களுக்கும் ஆசிரியர் தகுதி வேண்டும் என்று அந்தச் சங்கமும் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏசிஆர்எல்லும் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து 1972-இல் கூட்டறிக்கை வெளியிட்டன. உங்கள் விதியின் முகவுரையில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நல்லது. அலங்காரத்துக்காக அல்ல, பல்கலைக்கழக அளவிலான குழுவில் இருக்கும் பொறியியல் பேராசிரியர் "நூலகருக்கு எதற்கு டெனியர்" என்று கேட்கும்போது தேவைப்படும். கூடவே ஏசிஆர்எல்லின் 1975 நிலைப்பாட்டையும் சேருங்கள்: அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த நூலகவியல் முதுகலைப் பட்டமே இந்தத் தொழிலின் உச்சப் பட்டம். இந்த ஒரு வரி இல்லாத கோப்புகளில் "முனைவர் பட்டம் ஏன் இல்லை" என்ற குறிப்பு ஓரத்தில் விழுகிறது.

அடுத்தது எடைப் பங்கீடு. வழக்கமான மூன்று தலைப்புகள்: நூலகப் பணி, ஆராய்ச்சி, சேவை. பேராசிரியர்களிடம் 40, 40, 20 என்று இருப்பதை அப்படியே கொண்டுவர வேண்டாம். நூலகப் பணி 70 முதல் 75, ஆராய்ச்சி 15, சேவை 10 முதல் 15 என்பது யதார்த்தத்துக்குப் பக்கத்தில் வரும். மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள்: வாரம் 40 மணியில் 15 விழுக்காடு 6 மணி. விடுப்பு போக 46 வாரம் என்றால் வருடத்துக்கு 276 மணி. அதற்குள் இரண்டு வருடத்துக்கு ஒரு தரமான கட்டுரை கேட்கலாம். வருடத்துக்கு இரண்டு கேட்டால் அது இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் எழுதப்படும். பேராசிரியர்களுக்குப் பெரும்பாலும் ஒன்பது மாத ஒப்பந்தம், கோடை முழுக்க எழுதலாம். நூலகருக்குப் பன்னிரண்டு மாதம். இந்த வேறுபாட்டை விதியில் எழுத்தாகவே வையுங்கள். அந்த 6 மணியை மேலாளர் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் அதையும் ஆண்டுக் கடிதத்தில் பதியச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்வார்கள், ஆட்குறைவு இல்லாத நூலகம் எங்கே இருக்கிறது?

பேராசிரியர் மாதிரியே வேண்டாம் என்று நினைத்தால் கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பைப் பாருங்கள். அங்கே நூலகர்கள் கல்விப் பணியாளர்கள், ஆனால் பேராசிரியர் வரிசையில் இல்லை. டெனியருக்குப் பதில் "கேரியர் ஸ்டேட்டஸ்". நூலகத்துக்குள் செய்யும் பணியின் தரம் எல்லாருக்கும் கட்டாய அளவுகோல். வெளியில் செய்யும் தொழில்முறைப் பணி, பல்கலைக்கழகத்துக்கும் பொதுமக்களுக்குமான சேவை, ஆராய்ச்சி அல்லது படைப்பு வேலை ஆகிய மூன்றும் அவரவர் பணிக்குப் பொருந்துகிற அளவுக்கு மட்டும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்காத இந்த அமைப்பு, வேலையின் இயல்போடு ஒத்துப்போகிறது என்பது என் கணிப்பு.

இனி உண்மையான சிரமம்: முக்கால் பங்கு எடை பெறும் நூலகப் பணியை எப்படி அளப்பது? நூலக வேலை நன்றாக நடந்தால் தடயம் இருக்காது. தேடியது கிடைத்தவர் யார் தேடி வைத்தது என்று கேட்பதில்லை. அதனால் மதிப்பீட்டுக் குழு எண்ணக் கிடைப்பதை எண்ணத் தொடங்குகிறது. தவறு அங்கேதான் புகுகிறது.

நூற்பட்டியல் தயாரிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை பதிவுகள் என்று கேட்டால், வேறு நூலகம் செய்து வைத்ததை இறக்கிச் சரிபார்ப்பவர் எளிதாக ஜெயிப்பார். அது சில நிமிட வேலை. யாருமே பட்டியலிடாத பழைய தமிழ்ச் சிறுவெளியீடு ஒன்றுக்குப் புதிதாகப் பதிவு எழுதுபவருக்கு அரை நாள் போகும். அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர், முன்னெழுத்து ஒரு பதிப்பில் உண்டு, இன்னொன்றில் இல்லை, வருடம் தமிழ் ஆண்டுப் பெயரில். அதே தலைப்பெழுத்தில் நான்கு பேர் எழுதியிருந்தால் யார் யார் என்று பிரித்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்தும் நாக்கோ கூட்டுத் திட்டத்தில் பெயர்ப் பதிவு செய்ய வேண்டும். ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டால் உலகம் முழுக்க நூலகங்கள் அதைப் பயன்படுத்தும். எண்ணிக்கைப் பட்டியலில் இது "1". ஆகவே எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். பத்துப் பதிவுகளை அவரே தேர்ந்து, மற்றொரு பத்தைக் குழு குருட்டாம்போக்கில் எடுத்து, இருபதையும் வேறு நூலகத்தின் பட்டியல் வல்லுநர் ஒருவர் படித்து எழுதும் ஒரு பக்கக் குறிப்பைக் கேளுங்கள். கூடவே, எந்த முடிவுகள் கடினமாக இருந்தன, ஏன் இப்படித் தீர்த்தார் என்று அவரிடமிருந்து இரண்டு பக்கம்.

மின்வளங்களை (மின் இதழ், தரவுத்தளச் சந்தாக்களை) பார்ப்பவருடைய கதை தலைகீழ். அவர் செய்யும் சிறந்த காரியம் பல சமயம் ஒரு சந்தாவை நிறுத்துவது. வாங்கியதை மட்டும் எண்ணினால் அவருக்கு மைனஸ் மதிப்பெண். ஒரு பயன்பாட்டுக்கு என்ன செலவு என்ற கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்: 12,000 டாலர் சந்தா, வருடம் 300 பயன்பாடு என்றால் ஒரு பயன்பாட்டுக்கு 40 டாலர். அதைப் பிற நூலகத்திலிருந்து கட்டுரையை வரவழைக்கும் செலவோடு ஒப்பிட்டாரா, எந்தத் துறையிடம் பேசினார், நிறுத்திய பிறகு முறையீடு வந்ததா? எண்ணிக்கை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான பொதுத் தரமான கவுண்டர் அறிக்கையில், ஒருவர் கட்டுரையைத் திரையில் திறந்து, பிறகு பிடிஎஃபாக இறக்கினால் "மொத்தக் கோரிக்கை" இரண்டு என்று காட்டும். "தனித்த கோரிக்கை" ஒன்றுதான். முதல் எண்ணை வைத்துப் பெருமை பேசும் கோப்பு வந்தால் குழு கேள்வி கேட்க வேண்டும்.

சேகரிப்பை வளர்ப்பவர் எத்தனை ஆயிரம் நூல் வாங்கினார் என்பது அவருக்கு ஒதுக்கிய பணத்தைச் சொல்லும், அவர் திறமையைச் சொல்லாது. எதை வாங்காமல் விட்டார் என்பதும் சேர்ந்தால்தான் கொள்கை தெரியும்.

கற்பித்தலில் வேறொரு சிக்கல். நூலகர் ஒரு பாடத்துக்குள் ஒரே ஒருமுறை, 50 அல்லது 75 நிமிடம் போய் வருகிறார். பருவ இறுதியில் மாணவர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் பெயரே இருக்காது. வகுப்பு முடிந்ததும் கொடுக்கும் சிறு சீட்டில் "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் எதுவும் வராது. வருடத்துக்கு எத்தனை வகுப்பு எடுத்தார் என்பதும் பயனற்றது. கட்டாய முதலாண்டுப் பாடம் கைவசம் இருப்பவருக்கு அறுபது வரும், இசைத்துறை நூலகருக்கு எட்டு வரும். வேலைக்கு ஆகும் முறை சகப் பணியாளர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது. வகுப்புக்கு முன் அரை மணி நேரம் நோக்கம் பற்றிய பேச்சு, பிறகு பார்வை, ஒரு வாரத்துக்குள் மறுபேச்சு, கடைசியில் எழுத்துக் குறிப்பு. வருடம் இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு ஆட்கள். கற்றுக்கொடுப்பதற்காகப் பார்க்கும் பார்வையையும் கோப்புக்குப் போகும் பார்வையையும் தனித்தனியாக வையுங்கள். எதுவும் பதிவாகிவிடும் என்று தெரிந்தால் யாரும் புதிய முறையை முயன்று பார்க்க மாட்டார். வகுப்புக்குப் பிறகு மாணவர் எழுதிய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலை எடுத்து, முன்வருடத்தோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்தால் அதுவே வலுவான சான்று. அதற்குப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காதது நூலகருடைய குற்றம் அல்ல.

மென்பொருள் பக்கம் இருப்பவர்கள், களஞ்சியம் நடத்துபவர்கள், ஆய்வுத் தரவு ஆலோசகர்கள் ஆகியோருக்கு இதே தர்க்கம்தான்: எண்ணிக்கை ஒரு வரி, முடிவெடுத்த விதம் ஒரு பக்கம், பயன்படுத்தியவர் சாட்சி ஒரு பக்கம்.

இத்தனைக்கும் அடிப்படை, சேர்ந்த முதல் மாதத்தில் கையெழுத்தாகும் எதிர்பார்ப்புக் கடிதம். பணி விளக்கம் வேறு, இது வேறு. "டெனியருக்கு வரும்போது இந்தப் பணியில் சிறப்பு என்றால் இன்னது" என்று மூன்று நான்கு வாக்கியம். பணி மாறினால் கடிதமும் மாற வேண்டும். நூலகங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துறைகளைக் கலைத்துச் சேர்ப்பது வாடிக்கை. பட்டியல் பிரிவுக்கு எடுத்தவர் மூன்றாம் வருடம் தரவுச் சேவைக்கு மாற்றப்படுகிறார். ஆறாம் வருடம் அவரைப் பழைய கடிதத்தை வைத்து அளக்கிறார்கள். டெனியர் வழக்குகள் சிக்கலாவதற்கு மோசமான வேலையைவிட இது அடிக்கடி காரணமாகிறது.

ஆராய்ச்சிக்கு வருவோம். நூலகவியல் இதழ்களின் தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்), உயிரியல் இதழ்களோடு ஒப்பிட்டால் பரிதாபமாக இருக்கும். அதை வைத்து ஆளை அளக்கக் கூடாது என்பதை 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகம் முழுக்க இதை எடுத்துச் சொல்லும் நூலகமே தன் ஆட்களைத் தாக்கக் காரணியால் அளப்பது வேடிக்கை. எது ஆராய்ச்சியாகக் கணக்கில் வரும் என்ற பட்டியலைத் திறந்த பட்டியலாக வையுங்கள்: சக மதிப்பாய்வு பெற்ற கட்டுரை, நூல் அத்தியாயம், கண்காட்சியும் அதன் விளக்க நூலும், மற்ற நூலகங்கள் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள், திறந்த பாடப்பொருள். நிபந்தனை ஒன்று: தன் நூலகத்துக்கு வெளியே உள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து மதிப்பிட்டிருக்க வேண்டும். "எங்கள் நூலகத்தில் இதைச் செய்தோம்" வகைக் கட்டுரைகளைச் சில குழுக்கள் எடுத்தவுடனே தள்ளிவிடுகின்றன. அந்த வகையிலும் நல்லது உண்டு. முறை, தரவு, வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூட்டுக் கட்டுரை இந்தத் துறையின் இயல்பு. முதல் பெயர் யாருடையது என்பதை வைத்துச் சண்டை வேண்டாம். ஒரு கட்டுரையில் யார் எந்த வேலையைச் செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் வகைப்பாட்டில் 14 பங்களிப்பு வகைகள் உண்டு. எந்தெந்த வகையில் தன் பங்கு என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு வரி எழுதி, முக்கியமான கட்டுரைகளுக்குச் சக ஆசிரியர் ஒருவரின் ஒப்புதலையும் வைத்தால் முடிந்தது.

சேவைத் தலைப்பில் அதிகம் சொல்ல இல்லை. குழு உறுப்பினர் பட்டியலை நீளமாகப் போடுபவரிடம், எந்தக் குழுவில் என்ன மாறியது என்று கேளுங்கள். பட்டியல் தானாகச் சுருங்கும்.

வேறு நிறுவன வல்லுநர்கள் விண்ணப்பதாரரின் வேலையைப் பற்றி எழுதும் வெளி மதிப்பீட்டுக் கடிதங்கள்தாம் மேல்மட்டத்தில் முதலில் படிக்கப்படுபவை, மிக அலட்சியமாகக் கேட்டு வாங்கப்படுபவையும் அவையே. நான்கு முதல் ஆறு கடிதம் போதும். பாதிப் பெயர் விண்ணப்பதாரர் தருவது, பாதி குழு தேர்வது. கூட எழுதியவர், முன்னாள் மேலாளர், நெருங்கிய நண்பர் ஆகியோர் வேண்டாம். மே மாதத்தில் சம்மதம் கேட்டு, ஜூனில் பொருள்களை அனுப்பினால் செப்டம்பரில் கைக்கு வரும். சுயவிவரம், தன்னிலை விளக்கம், மூன்று முதல் ஐந்து படைப்பு, எதிர்பார்ப்புக் கடிதம், உங்கள் விதியின் நகல், எடைப் பங்கீடு எல்லாம் போக வேண்டும். "உங்கள் நிறுவனத்தில் இவருக்கு டெனியர் கிடைக்குமா" என்ற வழக்கமான கேள்வியை எடுத்துவிடுங்கள். நூலகர்களுக்கு டெனியரே இல்லாத பல்கலைக்கழகங்கள் ஏராளம். இருந்த இடத்திலும் போகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022-இல் நூலகத்துக்குள் டெனியரை முடித்துவைத்து, அதைத் தக்கவைக்க விரும்பியவர்களை வேறு துறைகளுக்குப் போகச் சொன்னது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுதுபவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவார்?

மகப்பேறு, நோய் போன்ற காரணத்தால் தகுதிகாண் கடிகாரம் ஒரு வருடம் நிறுத்தப்பட்டிருந்தால், ஏழு வருடத்தில் ஆறு வருட வேலையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். காரணம் சொல்லாமல் இதை மட்டும் வெளி மதிப்பீட்டாளருக்கான கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் "ஏழு வருடத்துக்கு இது குறைவு" என்ற வாக்கியம் வந்தே தீரும், வந்தபின் அழிக்கவும் முடியாது.

குழு அமைப்பில் இரண்டு ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். ஒன்று, நேரடி மேலாளர் தன் கடிதத்தையும் எழுதி, குழுவிலும் உட்கார்ந்து வாக்களிப்பது. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே கட்டத்தில். மற்றது, சிறிய நூலகத்தில் டெனியர் பெற்றவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு விண்ணப்பதாரரோடு பேச்சுவார்த்தை இருக்காது. குறைந்தது ஐந்து பேர் வரும்படி வேறு துறையிலிருந்தோ பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்தோ ஆள் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் வையுங்கள். மூன்றாம் வருட இடைக்கால மதிப்பாய்வை ஆறாம் வருட டெனியர் மதிப்பாய்வு போலவே நடத்துங்கள், வெளிக்கடிதம் மட்டும் தேவையில்லை. அந்தக் கட்டத்தில் "சரியாக வராது" என்று சொல்வது கொடுமை போலத் தோன்றும். ஆறாம் வருடம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மெரிட் பணக் கணக்கில் பலரும் கவனிக்காதது விழுக்காட்டின் சாய்வு. 25 நூலகர், மொத்தச் சம்பளம் 20 லட்சம் டாலர், ஒதுக்கீடு 3 விழுக்காடு என்றால் கையில் 60,000 டாலர். ஒரே தரம் வாங்கிய இருவரில் 60,000 சம்பளக்காரருக்கு ஒரு விழுக்காடு 600, 110,000 சம்பளக்காரருக்கு 1,100. ஒரே வேலைக்கு இரண்டு விலை. பங்கு முறை இதைச் சரிசெய்யும்: மிகச் சிறப்புக்கு 3 பங்கு, சிறப்புக்கு 2, நிறைவுக்கு 1, குறைவுக்கு 0. மூன்று பேர் மிகச் சிறப்பு, ஒன்பது பேர் சிறப்பு, பதின்மூன்று பேர் நிறைவு என்றால் மொத்தம் 40 பங்கு, ஒரு பங்கு 1,500 டாலர். மிகச் சிறப்புக்கு 4,500 போகும். 25 பேருக்கும் "மிகச் சிறப்பு" என்று எழுதினால் ஆளுக்கு 2,400, யாருக்கும் எதுவும் தெரியப்படுத்தாத மதிப்பீடு. மெரிட்டுக்குப் பணமே ஒதுக்காத வருடங்களும் வரும். அந்த வருடம் பெரிய காரியம் செய்தவர் ஏமாறக் கூடாது என்றால் மூன்று வருடச் சராசரித் தரத்தை வைத்துப் பங்கைக் கணக்கிடுங்கள்.

எண்களையே முழுக்க நம்பினால் எப்படி இருக்கும் என்று பார்க்க நம் ஊர் முறை உதவும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் நூலகர் பதவி உயர்வுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. வருகை 90 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் "நன்று", 80-க்குக் கீழே போனால் நிறைவில்லை. இருப்புச் சரிபார்த்து, காணாமல்போன நூல் அரை விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் "நன்று", ஒரு விழுக்காட்டைத் தொட்டால் நிறைவில்லை. ஒட்டுமொத்தத் தரத்துக்கு வருகையும் இருப்புச் சரிபார்ப்பும் கட்டாயம். தெளிவு என்று பார்த்தால் இதை மிஞ்ச முடியாது; சண்டைக்கு இடமில்லை, சிபாரிசுக்கும் இடம் குறைவு. ஆனால் ஒரு லட்சம் நூல் உள்ள திறந்த அலமாரி நூலகத்தில் ஆயிரம் நூல் காணவில்லை என்றால் நூலகர் மாட்டிக்கொள்கிறார். அலமாரியைப் பூட்டி, சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் நூல் என்று வைத்தவருக்கு "நன்று". அளவுகோல் எதைப் பாதுகாக்கிறதோ அதைத்தான் ஆட்களும் பாதுகாப்பார்கள். உங்கள் வரைவில் ஒவ்வொரு எண்ணையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்: இதை மட்டும் குறிவைத்து ஒருவர் வேலை செய்தால் வாசகருக்கு என்ன ஆகும்?

புதிய விதி அமலுக்கு வரும் நாளில் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்குப் பழைய விதியா புதியதா என்று தேர்ந்தெடுக்க 90 நாள் கொடுங்கள். தேர்வை எழுத்தில் வாங்கி அவர்கள் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். வெளி மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் உறையில் போவது அவர் தேர்ந்த விதிதானா என்பதை அனுப்புகிற அன்று இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும்.